தீப்பிடிக்காத நாளில் கதவைத் தட்டுபவர்கள்

வணக்கம். தன்னார்வத் தீயணைப்பு அமைப்புகளைப் பற்றியும், அவற்றின் பணிகளில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வாழும் நமக்கு எது உதவும் என்பதைப் பற்றியும் இன்று பேசவிருக்கிறேன். பேச்சின் பெரும்பகுதி சமையலறையில் நடக்கப்போவதால், இடையில் குக்கர் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் தீயணைப்புப் பணியில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பகலில் கடையோ பள்ளியோ பண்ணையோ பார்த்துக்கொண்டு, அழைப்பு வந்ததும் வண்டியை நோக்கி ஓடுகிறவர்கள். சிலி நாட்டிலோ தலைநகர் சான்டியாகோ உட்பட நாடு முழுவதும் தன்னார்வலர்களே இப்பணியைச் செய்கிறார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் தொடங்கிய சங்கத்தில், தீயை அணைக்கத் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை வாரிக்கொண்டு வெளியேறத் துணிப்பைகளையும் உறுப்பினர்களே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது, அதற்கு முந்தைய ஆண்டு அவர் தம் செய்தித்தாளில் வெளியிட்ட கடிதம்தான். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் திறந்த கரண்டியில் தணலை எடுத்துச் செல்லாதீர்கள், வழியில் சிந்தும் ஒரு கங்கு நள்ளிரவில் வீட்டையே எரித்துவிடும் என்று அதில் எச்சரித்திருந்தார். கொட்டாங்குச்சியில் பக்கத்து வீட்டு நெருப்பை வாங்கிவந்து அடுப்பு மூட்டிய பாட்டிகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். இந்த எச்சரிக்கை அவர்களுக்கு உடனே விளங்கும்.

அமெரிக்கத் தன்னார்வலர்கள் தீயை அணைக்கும் நேரத்தோடு தங்கள் வேலையை முடித்துக்கொள்வதில்லை. சாதாரண நாள்களில் தங்கள் ஊரின் வீடுகளுக்குச் செல்கிறார்கள். புகை எச்சரிப்புக் கருவியை இலவசமாகப் பொருத்துகிறார்கள். பள்ளிகளுக்குச் சென்று, உடையில் தீப்பற்றினால் ஓடாமல் நின்று, படுத்து, உருள வேண்டும் என்று குழந்தைகளைச் செய்துபார்க்க வைக்கிறார்கள். இந்தப் பகுதியைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. தீயணைப்பு வண்டியையும் தண்ணீர்க் குழாயையும் கையாள நம்மிடம் பயிற்சி பெற்ற அரசுத் துறையே இருக்கிறது. இங்கே ஆள் இல்லாமல் நிற்பது, தீ வருவதற்கு முன் வீட்டுக்குள் நுழைந்து, "அண்ணா, இந்த கேஸ் டியூபை மாற்றிவிடுங்கள்" என்று சொல்லும் வேலைதான்.

நம் மாவட்டங்களில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் பார்க்கும் வேலைகள் பலருக்கும் தெரியும். திறந்த கிணற்றில் விழுந்த பசுவைக் கயிறு கட்டித் தூக்குவதும், ஒகேனக்கல்லில் ஆற்றில் சிக்கியவர்களைத் தேடுவதும், தொப்பூர் கணவாயில் நொறுங்கிய லாரிக்குள்ளிருந்து ஓட்டுநரை மீட்பதும் அவர்கள்தாம். ஆனால் நிலையம் இருப்பது ஊரில். வீடு இருப்பதோ வத்தல்மலையிலோ, அஞ்செட்டிப் பக்கத்திலோ, பெட்டமுகிலாளத்திலோ என்றால், 101-க்கு எவ்வளவு விரைவாக அழைத்தாலும் மலைப்பாதை மலைப்பாதைதான். நகரத்துக்குள்ளும், இருசக்கர வாகனங்கள் வரிசையாக நிற்கும் பேட்டைச் சந்துகளில் பெரிய வண்டி நுழைவது எளிதன்று. ஆகவே முதல் சில நிமிடங்களில் வீட்டில் இருப்பவரும் பக்கத்து வீட்டாரும் செய்வதைப் பொறுத்தே மற்றவை அமைகின்றன.

இப்போது சமையலறைக்கு வருவோம். இந்த மேடை கடப்பாக் கல், அடியில் மரக்கதவு போட்ட அலமாரி, அதற்குள் 14.2 கிலோ சிலிண்டர். இந்த அமைப்பைப் பெரும்பாலான வீடுகளில் பார்த்திருப்பீர்கள். கேமராவை இன்னும் அருகில் கொண்டுசெல்கிறேன். டியூப் மேலே வருவதற்காகக் கல்லில் துளை போட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்தத் துளையின் விளிம்பு கூராக இருக்கிறது. அடுப்பைத் துடைப்பதற்காக நகர்த்தும்போதெல்லாம் டியூப் அந்த விளிம்பில் உரசுகிறது. உரசிய இடத்தில் நிறம் மங்கி, நகத்தால் தடவினால் சிறு பள்ளம் தட்டுப்படும். ஆரஞ்சு நிறத்தில் வரும் பாதுகாப்பு டியூபையும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன்மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படியாமலிருக்க அதன்மேல் துணி சுற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தத் துணி பிசுக்கை மறைக்கிறதோ இல்லையோ, வெடிப்பை நன்றாக மறைக்கும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து, மூடிய அலமாரியின் அடியில் தேங்கும். காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 2 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றப் போதுமானது. இதனால்தான் அலமாரிக் கதவின் கீழ்ப்பகுதியில் காற்றோட்டத்திற்குத் துளைகள் வேண்டும் என்கிறார்கள். சாமிப்படத்தைச் சமையலறையிலேயே தாழ்வாக வைத்து, அங்கே விளக்கேற்றும் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை; வாயு படரும் உயரமும் சுடர் நிற்கும் உயரமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. விளக்கைக் கூடத்துக்கு மாற்றுவதில் தெய்வக்குற்றம் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சிலிண்டர் வந்து இறங்கும்போது, மேல் வளையத்தின் உட்புறப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருப்பதைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகளையும், இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். 'பி 27' என்றிருந்தால் அந்தச் சிலிண்டரை 2027 ஜூன் மாதத்திற்குள் மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். நாள் கடந்ததாக இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். வால்வுக்குள் கறுப்பு வாஷர் இருக்கிறதா என்பதைக் கொண்டுவருபவர் முன்னிலையிலேயே பார்த்துவிடுங்கள். ரெகுலேட்டர் மாட்டிய பிறகு சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் துணிச்சல் வேண்டாம். கயிற்றில் கட்டித் தொங்கும் பிளாஸ்டிக் மூடியைப் பலர் அறுத்து எறிந்துவிடுகிறார்கள். கசிவு ஏற்பட்டு ரெகுலேட்டரைக் கழற்றும்போது வால்வை அடைக்க உதவுவது அந்த மூடிதான்.

வாடை வந்தால் விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலுமே பொறி தெறிக்கும். எரியும் அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

அடுத்தது வாணலி. போண்டா போட வைத்த எண்ணெய் தீப்பற்றிவிட்டால், கை தானாகத் தண்ணீர்ச் சொம்பைத் தேடும். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி ஒரே நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, வாணலியைவிடப் பெரிய தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். ஆறும்வரை திறக்க வேண்டாம், வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒரே ஒரு கணக்கோடு. ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிரில் வாளித் தண்ணீருக்குள் ஹீட்டர் ராடு வைக்காத வீடு குறைவு. 1,500 வாட் ராடு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும். அதை மாட்டுவதோ 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். பிளக் சூடாவதும், சாக்கெட் பழுப்பேறுவதும், பிளாஸ்டிக் கருகும் வாடை வருவதும் எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய அடையாளங்கள். மின்சாரம் மிகுந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், அதைத் தொல்லை என்று எண்ணிப் பெரிய அளவில் மாற்றச் சொல்லாதீர்கள். சுவருக்குள் ஓடும் ஒயர் பழையபடி மெல்லியதாகத்தான் இருக்கிறது.

வெளியேறும் வழியைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. நம் வீடுகளில் ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. வெளியே செல்லப் பெரும்பாலும் ஒரே வாசல். இரவில் அதற்கும் உட்புறம் பூட்டு. மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஆலைகள் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இயங்கும் மாவட்டம் இது. அந்த வண்டிகள் நம் தெருக்களிலும் நிறையவே ஓடுகின்றன. திருட்டுக்குப் பயந்து வண்டியை இரவில் வாசற்கதவுக்கு உட்புறம் நிறுத்திச் சார்ஜ் போடுகிறோம். பேட்டரி தீப்பற்றினால், அது எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும், உள்ளே இருப்பவர்களுக்கு இருக்கும் ஒரே வழியை அது அடைத்துவிடும். போர்டிகோவிலோ மாட்டுக் கொட்டகையை விட்டு விலகிய இடத்திலோ நிறுத்தி, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். பூட்டின் சாவி, வீட்டில் உள்ள எல்லோரும், குழந்தைகளும் அறிந்த ஓர் ஆணியில் தொங்கட்டும்.

புகை எச்சரிப்புக் கருவி வேண்டுமா என்று கேட்பீர்கள். ஜன்னலை அடைத்துக் குளிர்சாதனம் போட்டு உறங்கும் கான்கிரீட் வீடுகளில் நிச்சயம் வேண்டும். உறங்குபவரை எழுப்புவதற்கு வேறு வழியில்லை. படுக்கையறைக்கு வெளியே கூடத்தில் பொருத்துங்கள். சமையலறையில் வைத்தால் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அலறி, இரண்டே நாளில் பேட்டரியைப் பிடுங்கிவிடுவீர்கள். கூரை வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் அதைவிட முன்னால் செய்ய வேண்டியவை மேலே சொன்ன டியூபும் பிளக்கும் சாவியும்தான்.

கேழ்வரகுத் தாளையும் வைக்கோலையும் போராகப் போடுபவர்கள், மின்கம்பிக்கு அடியிலும் வீட்டுச் சுவரை ஒட்டியும் போட வேண்டாம். ஈரத்தோடு அடுக்கிய போர் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்வதும் உண்டு. பட்டாசைப் பற்றி நம் பகுதி மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் உயிரிழந்தனர். பக்கத்துக் கட்டடங்களும் இடிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் கடை எரிந்தபோது மாண்டவர்களில் பலர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தீபாவளிச் சீட்டுப் பட்டாசுப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைப்பவர்களின் கதவையும் நாம் தட்ட வேண்டியிருக்கிறது.

தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். பற்பசை, இங்க், மஞ்சள், இட்லி மாவு எதுவும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கவும் வேண்டாம்.

நம் தெருவில் இதை எப்படித் தொடங்குவது? ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது நடக்கிறது. அந்த வாரத்திற்குக் காத்திருக்காமலே, உங்கள் பகுதி நிலைய அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, தெருவில் செயல்விளக்கம் நடத்தித் தருமாறு கேளுங்கள். எரியும் சிலிண்டரின் வாயை ஈரச்சாக்கால் போர்த்தி அணைத்துக் காட்டுவார்கள். அதை நேரில் பார்த்தவருக்குப் பாதி அச்சம் போய்விடும். வால்வை மூட முடியாத நிலையில் சுடரை மட்டும் அணைத்தால் வாயு அறை முழுவதும் நிறைந்துவிடும், அப்போது அணைக்காமல் எல்லோரையும் வெளியேற்றுவதே சரி என்பதையும் அவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு, பயிற்சியைக் கவனமாகப் பார்த்த இளைஞர்கள் இருவர் இருவராக வீடுகளுக்குச் செல்லலாம். பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் சமையலறைக்குள் ஆண்கள் நுழைவதைப் பலர் விரும்பமாட்டார்கள். ஆகவே சுயஉதவிக் குழுவினர் ஒருவரேனும் உடன் வரட்டும். குறை கண்டதும் கடிந்துகொள்ள வேண்டாம். பணமில்லாமல் டியூபை மாற்றாதவர் என்றால், அந்தச் செலவைத் தெருவே பகிர்ந்துகொள்ளலாம்.

போகும்போதே ஒரு நோட்டில் எந்தச் சந்துக்குள் பெரிய வண்டி நுழையாது, எந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 101-க்கோ 112-க்கோ அழைப்பவர் சொல்ல வேண்டியவை இவைதாம். கூடவே, ஊர்ப்பெயரோடு பக்கத்திலுள்ள கோயிலையோ பள்ளியையோ அடையாளம் சொல்லி, ஓர் ஆளைச் சாலை முனையில் நிறுத்திவையுங்கள். நோட்டின் ஒரு பிரதியை நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள்.