வேட்பாளர் எதைத் தள்ளிப்போடுவார்?

நேயர்களுக்கு வணக்கம்.

நகர மன்றத் தேர்தல் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு துண்டறிக்கை வரும். சாலை, குடிநீர், தெருவிளக்கு, குப்பை, பூங்கா, வேலைவாய்ப்பு, விலைவாசி என்று எல்லாமே அதில் இருக்கும். மேலே ‘என் முன்னுரிமைகள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. இருபது விஷயங்களுக்கும் முன்னுரிமை என்றால் எதற்குத்தான் முன்னுரிமை? எது முதலில் நடக்கும், அதற்காக எது காத்திருக்கும் என்று சொல்லாதவரை அது வெறும் பட்டியல்தான்.

பட்டியலில் விலைவாசியை முதலில் அடித்துவிடலாம். அது மன்றத்தின் கைக்கு எட்டாத விஷயம். மற்றவற்றில் எது எட்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1992-இல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு உரியவையாக 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றில் எதை எந்த அளவுக்குக் கொடுப்பது என்பது மாநில அரசின் கையில்.

அதிகாரம் இல்லாத மன்றம் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரைப் பாருங்கள். 2014-இல் அந்த ஊருக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொடுக்கத் தொடங்கினார்கள். மக்கள் கொதித்தெழவே, 2015 மார்ச்சில் நகர மன்றம் பழைய தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று 7-க்கு 1 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகி அதை ஏற்கவில்லை. அரித்துப்போன குழாய்களிலிருந்து ஈயம் கலந்த தண்ணீர் மேலும் பல மாதங்கள் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. ஆகவே வாக்குறுதியைக் கேட்டதும், “இது உங்கள் மன்றத்தின் பொறுப்பா?” என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது வரிசை. என்னைக் கேட்டால் தரைக்கு அடியில் இருப்பதுதான் முதலில் வரவேண்டும். புதுச் சாலை கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம். பாதாளச் சாக்கடைக் குழாயோடு யார் படம் எடுத்துக்கொள்வார்? அதனால்தான் குழாயை மாற்றாமல் மேலே தார் போடுகிறார்கள். சில மாதத்தில் குழாய் கசிந்து, அதே சாலையை வெட்டி, மண்ணை அரைகுறையாக மூடிவிட்டுப் போவார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டால் இன்னொரு தொல்லை: ஒவ்வொரு முறையும் சாலை உயரும், வாசற்படி தாழும், மழைநீர் வீட்டுக்குள் நுழையும். “சாலை போடுவேன்” என்பவரிடம், “பழையதைச் சுரண்டிவிட்டா, அதன் மேலேயா?” என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் உடனே பதில் சொல்வார்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூங்கா கட்டுவது ஒருமுறைச் செலவு. தண்ணீர் ஊற்ற, விளக்கு எரிய, காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க ஆண்டுதோறும் பணம் வேண்டும். திறப்பு விழாவில் அந்தக் கணக்கை யாரும் வாசிப்பதில்லை.

மக்களே வரிசைப்படுத்தினால் எப்படி இருக்கும்? பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் அதைத் தொடங்கினார்கள். குடியிருப்புவாசிகள் கூடித் தங்கள் தேவைகளை வரிசைப்படுத்த, அதற்கேற்ப மதிப்பெண் கொடுத்து, வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதலாகவும் சேர்த்து, முதலீட்டுப் பணத்தைப் பிரித்தார்கள். மக்கள் முன்னால் வைத்தவற்றில் கழிவுநீர் வசதியும் தெருவுக்குத் தளம் போடுவதும் இருந்தன. சாக்கடை கேட்டு ஓட்டுப் போட மாட்டார்கள் என்று நினைக்கும் அரசியல்வாதிகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஓட்டுக் கேட்டு வருபவர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால் உங்கள் வேலை சுலபம். மன்றக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை வாங்கிப் பாருங்கள். எந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினார், எந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லை என்பது அதில் இருக்கும். புதியவர் என்றால் ஒரே கேள்வி: “பணம் பாதிதான் வந்தது என்றால் எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவீர்கள்?” பெரும்பாலானோர் சிரித்து மழுப்புவார்கள். ஒருவர் நேராகப் பதில் சொன்னால், அவர் தள்ளிப்போடுவது உங்கள் தெரு வேலையாகவே இருந்தாலும், அவருக்கு ஓட்டுப் போடலாமா என்று யோசியுங்கள். நான் போடுவேன்.

நன்றி, வணக்கம்.