நண்பர்கள் சொல்லும் பொய்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

காணாமல் போன ஒரு பெண்பிள்ளை. அவளைக் கடைசியாகப் பார்த்த நண்பர்கள். ஆளுக்கொரு கதை. இந்தக் கருவை வைத்து எழுதிய மர்ம நாவல்களை உங்கள் பிள்ளைகள் விடிய விடிய வாசிக்கிறார்கள் என்று பெற்றோர் சிலர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். வாசிக்கட்டும் என்கிறேன். பொய் சொல்பவர் எல்லாரும் குற்றவாளி அல்லர் என்பதை இந்த வகை நாவலைப் போல் நெஞ்சில் பதிய வைக்கும் எழுத்து வேறு இல்லை.

கதையை நம் ஊரிலேயே வைத்துப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலை டியூசன். பதினாறு வயது, படிவம் நான்கு மாணவி ஒருத்தி பஸ்ஸில் வந்து தோட்டத்து முச்சந்தியில் இறங்கி, செம்பனைக்கு நடுவே செல்லும் மண் சாலையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நடக்க வேண்டும். இரவு மணி ஒன்பதாகியும் அவள் வரவில்லை. தாய் பதறிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கு ஓடுகிறாள். "அவள் பஸ் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன் அத்தை" என்கிறாள் முதல் தோழி. "ஒரு வாரமாக அவள் என்னிடம் பேசவே இல்லை" என்கிறாள் இரண்டாமவள். ஆனால் இந்த இரண்டாமவளின் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அன்று காலை வரை வந்த செய்திகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவதாக ஒரு பையன். மாலை முழுவதும் வீட்டை விட்டு நகரவில்லை என்று சாதிக்கிறான். அவன் மோட்டார் சைக்கிளின் சக்கரத்தில் மட்கார்டு வரை செம்மண் அப்பியிருக்கிறது. தொட்டால் விரலில் ஒட்டும் ஈரம்.

வாசகருக்கு உடனே அந்தப் பையன் மீதுதான் கண் போகும். நல்ல எழுத்தாளர் நம்மை அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வைப்பார். பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். பையனிடம் லைசென்ஸ் இல்லை. சாலைத் தடுப்பில் நிற்கும் போலீசுக்குப் பயந்து தோட்டத்து உள்பாதையில் வந்திருக்கிறான். இரண்டாமவள் முந்திய இரவுச் சண்டையில் எழுதிய கடுஞ்சொற்களை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அழித்திருக்கிறாள். முதல் தோழி அன்று டியூசனுக்கே போகவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு கடையில் பகுதிநேர வேலைக்குப் போகிறாள். வீட்டுக் கஷ்டம் அப்படி. மூன்றும் சின்னப் பொய்கள்தாம். மூன்றும் சேர்ந்து, அந்தப் பிள்ளையைத் தேட வேண்டிய முதல் இரவை விழுங்கிவிடுகின்றன. இந்த இடத்தில்தான் கதை என் மனத்தை அறுக்கிறது. அந்த மூவரில் ஒருவராவது பெரியவர்களிடம் அஞ்சாமல் பேச முடிந்திருந்தால்!

பெற்றோர்களே, அடுத்த அத்தியாயம் நம்முடையது. சித்தப்பா வருகிறார், மாமா வருகிறார். "பெண்பிள்ளை விஷயம், ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும், விடியட்டும்" என்கிறார்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் புகாரை எடுக்கும் என்று ஒருவர் சட்டம் பேசுகிறார். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. உடனே புகார் செய்யலாம், செய்ய வேண்டும். காணாமல் போன பிள்ளைகளுக்காக 2011-இல் நம் நாட்டில் வந்த நூர் எச்சரிக்கை முறை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. ஆனால் 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் சிறார் என்றே சொல்கிறது. பதினாறு வயதுப் பெண் காணாமல் போனால் மட்டும் நாம் அவளைக் குழந்தையாகப் பார்ப்பதில்லை. யாரோடு போனாள் என்றுதான் முதலில் கேட்கிறோம்.

லயத்தில் பலகைச் சுவருக்கு அப்பால் யாராவது இருமினாலும் இந்த வீட்டில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்றால், தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை என்றே பொருள். அதற்கு இந்த மண்ணில் பழைய காரணம் ஒன்று உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டு போராளிகளுக்கும் அஞ்ச வேண்டும், சீருடைக்கும் அஞ்ச வேண்டும். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால்தான் பிழைக்க முடியும் என்ற காலம் அது. அந்தப் பழக்கம் பேரப்பிள்ளைகள் வரை வந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம்மில் ஒருவர் இந்த நாவலை எழுதினால், அந்தப் பிள்ளைகளின் பாட்டியிடமிருந்து தொடங்க வேண்டும்.

எழுத நினைக்கும் மாணவர்களுக்கு இன்னொன்று. துப்பறியும் கதைகளுக்கு விதிகள் வகுத்த ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும் என்று 1929-இல் எழுதினார். வாசகருக்குச் செய்ய வேண்டிய நியாயம் அது. நம் தோட்டக் கதையில் மிகச் சுலபமான குற்றவாளி யார் தெரியுமா? கொங்சி எனும் தொழிலாளர் கூட்டுக் குடிசையில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி. கடைசி அத்தியாயத்தில் அவரை இழுத்து வந்து பழி போட்டால் எல்லாருக்கும் நிம்மதி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு காலத்தில் இதே தோட்டங்களில் நம் தாத்தாக்கள்தாம் அந்த வெளியாட்கள்.

அவள் கிடைத்ததோடு கதையை முடித்துவிடவும் வேண்டாம். நான் எழுதினால் அவளை உயிரோடு திரும்ப அழைத்து வருவேன். கடைசி அத்தியாயங்களை அவளையே சொல்ல வைப்பேன். முந்நூறு பக்கம் எல்லாரும் அவளைப் பற்றிப் பேசிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழையும்போது எந்தத் தோழியின் பக்கத்தில் உட்காருவது, எங்கே போயிருந்தாய் என்று கேட்பவருக்கு எவ்வளவு சொல்வது, மன்னிப்புக் கேட்க வேண்டியது அவளா அல்லது நாமா என்பதையெல்லாம் இனி அவள் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.