சனிக்கிழமை மாலை ஒரு பக்கம்

விழாத் தலைவர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த ஊர்ப்புற நூலகத்துக்குப் போன மாதம் இரண்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்த வணிகப் பெருமக்களே, எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, கூட்டி வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். நூலகர் அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். அவர் இல்லாவிட்டால் வாசகர் வட்டமே இல்லை.

'கூச்சத்தை வெல்வோம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க விடாத கூச்சத்தைப் பற்றிப் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒளவையார் பாட்டு ஒன்று. 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.' கூச்சம் பிறவிக் குணம் என்று யாராவது சொன்னால் இந்த வரியைச் சொல்லுங்கள். நாக்குக்குப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது சுதந்திர தின விழாவில் நன்றியுரை சொல்ல என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கம் எழுதி, வாய்க்காலுக்குப் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தேன். அப்பா சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார். மேடை ஏறினேன். மைக் என் நெற்றிக்கு மேலே நின்றது. 'அனைவருக்கும் வணக்கம்' என்றேன். அது ஒலிபெருக்கியில் சுற்றி வந்து என் காதிலேயே விழுந்தது. அப்புறம் ஒரு சொல் வரவில்லை. முழங்கால் நடுங்குவது வேட்டிக்கு வெளியே தெரிந்தது. 'வாயில என்ன கொழுக்கட்டையா?' என்றது பின்னாலிருந்து ஒரு பெரிய குரல். மைதானமே சிரித்தது. அதற்குப் பிறகு பல வருடம் ரேஷன் கடையில் அளவு குறைந்தால்கூட வாய் திறக்காமல் வந்திருக்கிறேன்.

என்னை மீட்டது ஒரு டீக்கடை. கண்புரை வந்த பெரியவர் ஒருவர், 'தம்பி, எழுத்து மங்கலாத் தெரியுது, தலைப்பு மட்டும் படிப்பா' என்று தினத்தந்தியை நீட்டினார். படித்தேன். மறுநாள் தலைப்புக்குக் கீழேயும் படிக்கச் சொன்னார். ஒரு வாரத்தில் பக்கத்து பெஞ்சுக்காரரும் திரும்பி உட்கார்ந்தார். 'அந்த மழைச் செய்தியை மறுபடி படி' என்று டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்பார். ஆறு மாதம் கழித்து ரேஷன் கடையில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது: 'அண்ணே, எடை சரியில்லை, மறுபடி போடுங்க.' நாப்பழக்கம்!

காந்தியடிகளே மும்பை நீதிமன்றத்தில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி, பேச முடியாமல் உட்கார்ந்தவர். அந்த வழக்குக்கு வாங்கிய கட்டணம் 30 ரூபாய். அதைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டார். பிறகு 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்தியர்கள் கூடிய இடத்தில் எழுந்து பேசினாரே, அவரும் இவர்தான்! வள்ளுவரும் 'அவை அஞ்சாமை' என்று தனி அதிகாரமே வைத்தார். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர் பலர் உண்டு, அவையில் அஞ்சாதவர் அரியர் என்கிறார்.

சரி, அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகள் எங்கே பெறுவார்கள்? பேச்சுப் போட்டிக்கு ஏற்கெனவே நன்றாகப் பேசும் இரண்டு பேரைத்தான் அனுப்புகிறோம். மீதி நாற்பது பேர் கைதட்டுகிறார்கள். கிராம சபையில் பாருங்கள், தெருக்குழாயில் தண்ணீர் வராத வீட்டு அக்கா, பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறார். அந்தக் குரல் மன்றத்துக்கு வரவேண்டாமா?

அதனால் தலைமையாசிரியர் ஐயாவிடமும் ஊராட்சித் தலைவர் அம்மாவிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமைதோறும் ஐந்து மணி முதல் ஆறு மணி வரை இந்த நூலகத்தில் 'சத்தம் போடாதீர்கள்' பலகையைத் திருப்பி வையுங்கள். யார் வேண்டுமானாலும் வந்து ஒரு பக்கம் உரக்கப் படிக்கட்டும். பரிசும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். திக்கினால் யாரும் சிரிக்கக் கூடாது, அது மட்டும்தான் விதி. கண் தெரியாத பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்களுக்குச் செய்தி வேண்டும், பிள்ளைக்குக் கேட்க ஆள் வேண்டும்.

பெயர் எழுத ஒரு நோட்டு நூலகர் மேஜையில் இருக்கிறது. முதல் பெயர் நான் எழுதிவிட்டேன். நன்றி, வணக்கம்.