என் கம்ப்யூட்டர்ல ஓடுது, அவங்க கம்ப்யூட்டர்ல ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’: பைஇன்ஸ்டாலர்ல ஃபைல் தொலையறது ஏன்?

[திரையில்: கருப்பு டெர்மினல் விண்டோ தோன்றி உடனே மறைகிறது.]

இப்ப திரையில ஒண்ணு வந்து போச்சு, பாத்தீங்களா? அரை செகண்டுதான். நாள்கணக்கா உக்காந்து பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதுறோம். பைஇன்ஸ்டாலர்ங்கிற டூல் வச்சு அதை இஎக்ஸ்இ ஆக்குறோம், அதாவது பைத்தான் இல்லாத கம்ப்யூட்டர்லயும் ஓடுற ஃபைலா. பென்டிரைவ்ல போட்டு இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல டபுள் கிளிக் பண்ணினா, நிறைய பேருக்குக் கிடைக்கிறது இந்த அரை செகண்டுதான்.

எனக்கும் இது நடந்திருக்கு. தெரிஞ்சவர் ஒருத்தரோட மளிகைக் கடைக்கு பில் போடுற புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். என் லேப்டாப்ல நல்லா ஓடிச்சு. கடையில கொண்டுபோய் வச்சா திறக்கவே இல்லை. கவுன்டர்ல ஆளுங்க நிக்கறாங்க, அவர் "பரவாயில்ல தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லி பழைய பில் புக்கைக் கையில எடுத்துட்டார். அன்னிக்கு ராத்திரி உக்காந்து கத்துக்கிட்டதைத்தான் இந்த வீடியோவுல சொல்லப் போறேன்.

முதல்ல அந்த எரரைப் படிக்கணும். டபுள் கிளிக் பண்ணினா படிக்க முடியாது, விண்டோ ஓடிடும். அதனால இஎக்ஸ்இ இருக்கிற ஃபோல்டரைத் திறந்து, மேல அட்ரஸ் பார்ல சிஎம்டின்னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க. கருப்பு விண்டோ வரும். அதுல புரோகிராம் பேரை டைப் பண்ணி ஓட்டுங்க. இப்ப விண்டோ மூடாது, எரர் அங்கேயே நிக்கும். நீங்க ‘விண்டோட்’ ஆப்ஷன் போட்டு கன்சோல் இல்லாம பில்ட் பண்ணியிருந்தா அப்பவும் எதுவும் தெரியாது. பிழை தேடுற வரைக்கும் அந்த ஆப்ஷனை எடுத்துட்டு பில்ட் பண்ணுங்க, எல்லாம் சரியான பிறகு போட்டுக்கலாம்.

[திரையில்: ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்: [எர்ர்நோ 2] நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி: 'ரேட்ஸ்.சிஎஸ்வி']

இந்த கடைசி வரியை நிதானமா பாருங்க. ‘ரேட்ஸ்.சிஎஸ்வி’ன்னு, நம்ம விலைப்பட்டியல் ஃபைலோட வெறும் பேர் மட்டும் இருக்கு. அதுக்கு முன்னாடி எந்த ஃபோல்டரும் இல்லை, டிரைவ் எழுத்தும் இல்லை. துப்பு இங்கதான் இருக்கு.

நம்ம கோடுல ஓப்பன் போட்டு வெறும் ஃபைல் பேரைக் கொடுத்தா, பைத்தான் அதை எங்க தேடும்? ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டர்லதான்னு பல பேர் நினைக்கிறாங்க. இல்லைங்க. ‘கரன்ட் வொர்க்கிங் டைரக்டரி’ன்னு ஒண்ணு இருக்கு. புரோகிராமை எந்த இடத்துல நின்னு கூப்பிட்டோமோ, அந்த இடம். அங்கதான் தேடும். வழக்கமா நாம புராஜெக்ட் ஃபோல்டர்ல நின்னுதான் ஸ்கிரிப்டை ஓட்டுறோம். ரெண்டும் ஒரே இடமா அமைஞ்சு போறதால வித்தியாசம் நம்ம கண்ணுக்குப் படறதே இல்லை.

நான் எப்படி டெஸ்ட் பண்ணினேன்னு காட்டறேன், பாருங்க.

[திரையில்: புராஜெக்ட் ஃபோல்டரில் டெர்மினல். டைப் செய்வது: டிஸ்ட்\பில்\பில்.இஎக்ஸ்இ]

டெர்மினல் புராஜெக்ட் ஃபோல்டர்ல நிக்குது. அங்கிருந்தே டிஸ்ட்டுக்குள்ள, அதாவது பைஇன்ஸ்டாலர் கட்டி முடிச்சு வைக்கிற ஃபோல்டருக்குள்ள, இருக்கிற இஎக்ஸ்இயைக் கூப்பிட்டேன். அது ‘ரேட்ஸ்.சிஎஸ்வி’யைத் தேடிச்சு. புராஜெக்ட் ஃபோல்டர்லயே ஒரிஜினல் ஃபைல் உக்காந்திருக்கு. எடுத்துக்கிச்சு, ஓடிச்சு. ஆனா பில்டுக்குள்ள அந்த ஃபைல் போகவே இல்லை! அதே இஎக்ஸ்இயை டிஸ்ட் ஃபோல்டருக்குள்ள போய் டபுள் கிளிக் பண்ணியிருந்தா என் லேப்டாப்லயே விழுந்திருக்கும். கடை வரைக்கும் போயிருக்க வேண்டியதே இல்லை.

இந்த வொர்க்கிங் டைரக்டரி இன்னும் பல விதமா மாறும். டெஸ்க்டாப் ஷார்ட்கட்ல ‘ஸ்டார்ட் இன்’னு ஒரு கட்டம் இருக்கும், அதுல என்ன இருக்கோ அதுதான். டாஸ்க் ஷெட்யூலர் வழியா ஓட்டினா, தனியா நீங்க எதுவும் குறிப்பிடலைன்னா, விண்டோஸோட சிஸ்டம்32 ஃபோல்டர். காலையில கையால ஓட்டினா ஓடும், ராத்திரி தானா ஓடும்போது விழும்னு குழம்பறவங்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சந்தேகம் வந்தா புரோகிராமோட முதல் வரியிலயே ‘ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி’யை பிரின்ட் பண்ணிப் பாருங்க. எங்க நின்னு தேடுதுன்னு அதுவே சொல்லிடும்.

சரி, ஃபைல் ஏன் பில்டுக்குள்ள போகலை? பைஇன்ஸ்டாலர் நம்ம கோடைப் படிச்சு இம்போர்ட் வரிகளைத் தேடும். ஒவ்வொரு இம்போர்ட்டும் எந்த மாட்யூலைக் கூப்பிடுது, அது வேற எதைக் கூப்பிடுதுன்னு நூல் பிடிச்சு போய் எல்லாத்தையும் சேர்த்துக் கட்டும். ஆனா ‘ரேட்ஸ்.சிஎஸ்வி’ங்கிறது அதுக்கு வெறும் ஒரு ஸ்ட்ரிங். அது ஃபைல் பேரா, கடைக்காரர் பேரான்னு அதுக்குத் தெரிய வழியில்லை. நாமதான் சொல்லணும். சொல்றதுக்கு ‘ஆட்-டேட்டா’ ஆப்ஷன். இங்க லோகோ படத்தை உதாரணமா வச்சுக்கறேன், விலைப்பட்டியலுக்கு அப்புறம் வர்றேன்.

[திரையில்: பைதான் -எம் பைஇன்ஸ்டாலர் --ஆட்-டேட்டா "லோகோ.பிஎன்ஜி:." பில்.பிஒய்]

கோலனுக்கு இடது பக்கம், நம்ம கம்ப்யூட்டர்ல ஃபைல் எங்க இருக்கு. வலது பக்கம், பில்டுக்குள்ள அது எந்த ஃபோல்டர்ல இருக்கணும். புள்ளி வச்சா மேல் மட்டத்துலயேன்னு அர்த்தம். பழைய பதிப்பு வச்சிருக்கிறவங்க விண்டோஸ்ல கோலனுக்குப் பதில் செமிகோலன் போடணும். 6.0 பதிப்புல இருந்து எல்லா சிஸ்டத்துலயும் கோலன் போதும்.

வலது பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு. அது ஃபோல்டர் பேர். ஃபைல் பேர் இல்லை. பழக்கத்துல ரெண்டு பக்கமும் ‘லோகோ.பிஎன்ஜி’ன்னே எழுதிட்டீங்கன்னா, ‘லோகோ.பிஎன்ஜி’ங்கிற பேர்ல ஒரு ஃபோல்டர் உருவாகி அதுக்குள்ள படம் போய் உக்காந்துக்கும். அதை ஓப்பன் பண்ணினா விண்டோஸ்ல ‘பர்மிஷன் டினைட்’னு வரும். உடனே அட்மினா ஓட்டணுமோ, ஆன்டிவைரஸ் தடுக்குதோன்னு எங்கெங்கேயோ தேடிட்டு இருப்போம். ஃபோல்டரை ஃபைல்னு நினைச்சு திறக்கப் பாக்குது, அவ்வளவுதான் விஷயம்.

ஐகான் பத்தி ஒரு வார்த்தை. ‘ஐகான்’ ஆப்ஷன் இஎக்ஸ்இ ஃபைலோட மேல்படத்தை மட்டும்தான் மாத்தும். டிகின்டர்ங்கிற லைப்ரரி வச்சு நீங்க வரையற விண்டோவோட மூலையில வர்ற ஐகானுக்கும் உங்க கோடு ஒரு ஃபைலைத் திறக்குது இல்லையா? அதையும் ஆட்-டேட்டாவுல தனியா சேர்க்கணும்.

ஃபைல் உள்ள போயாச்சு. இனி கோடு அதைச் சரியான இடத்துல தேடணும்.

[திரையில்: பேஸ் = பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரண்ட்]
[திரையில்: லோகோ = பேஸ் / 'லோகோ.பிஎன்ஜி']

பாத்லிப்ல இருந்து பாத்தை இம்போர்ட் பண்ணிட்டு இந்த ரெண்டு வரி. ‘நான் எங்க நிக்கறேன்’ங்கிறதை விட்டுட்டு ‘இந்த கோடு எங்க இருக்கு’ங்கிறதை வச்சு தேடுது. ஸ்கிரிப்டா ஓட்டினா புராஜெக்ட் ஃபோல்டரைக் காட்டும், இஎக்ஸ்இயா ஓட்டினா பில்டோட உள் ஃபோல்டரைக் காட்டும். பழைய பதில்கள்ல ‘சிஸ்._மெய்பாஸ்’னு ஒரு அஞ்சாறு வரி ஃபங்ஷன் பாத்திருப்பீங்க. அதுவும் தப்பில்லை, அதே இடத்தைத்தான் காட்டுது. ஆனா சாதாரணத் தேவைக்கு இந்த ரெண்டு வரி போதும்.

உள் ஃபோல்டர்னு சொன்னேன் இல்லையா, அது எது? ரெண்டு விதமா பில்ட் பண்ணலாம். எதுவும் சொல்லாம விட்டா ‘ஒன்டிர்’. ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஒரு இஎக்ஸ்இ, பக்கத்துல ‘_இன்டர்னல்’னு இன்னொரு ஃபோல்டர். 2023 செப்டம்பர்ல வந்த 6.0 பதிப்புல இருந்துதான் இந்த ஏற்பாடு. அதுக்கு முன்னாடி எல்லா ஃபைலும் இஎக்ஸ்இ பக்கத்துலயே சிதறிக் கிடக்கும். பழைய வீடியோ பாத்து ‘இஎக்ஸ்இ பக்கத்துல தேடு’ன்னு எழுதின கோடு புதுப் பதிப்புல விழறதுக்கு இதுதான் காரணம். இன்னொண்ணு ‘ஒன்ஃபைல்’. பாக்க ஒரே ஃபைலா அழகா இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ள இருக்கிறதையெல்லாம் டெம்ப் ஃபோல்டர்ல ‘_மெய்’னு ஆரம்பிக்கிற ஒரு தற்காலிக ஃபோல்டர்ல விரிச்சு வச்சு ஓட்டும். மூடினதும் அந்த ஃபோல்டரை அழிச்சுடும்.

இந்த அழிக்கிறதுதான் எனக்கு அடுத்த அடி கொடுத்தது. இந்தத் தடவை நான் ஒன்ஃபைல்ல பில்ட் பண்ணியிருந்தேன். விலைப்பட்டியல், லோகோ, கடைசி பில் நம்பர் எழுதி வைக்கிற சின்ன டெக்ஸ்ட் ஃபைல், மூணையும் ஆட்-டேட்டாவுல உள்ள போட்டுட்டேன். கடையில அழகா ஓடிச்சு. மறுநாள் காலையில போன். "தம்பி, நேத்து நாப்பத்தி ரெண்டுல முடிச்சோம், இன்னிக்கு மறுபடி ஒண்ணுல ஆரம்பிக்குதே?" பில் நம்பர் ஒவ்வொண்ணும் அந்தத் தற்காலிக ஃபோல்டர்ல இருந்த ஃபைல்ல ஒழுங்கா எழுதப்பட்டிருக்கு. கடை சாத்தும்போது புரோகிராமை மூடினார், ஃபோல்டரோட சேர்ந்து நம்பரும் போயிடுச்சு. ஒரு எரர் கூட வரலை. ஃபைல் இல்லைன்னு கத்திட்டு விழற புரோகிராமை விட இது மோசம், ஏன்னா அவரோட கணக்கு அதுல இருக்கு.

அதனால ஆட்-டேட்டா எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபைலையும் பாத்து, இது யாரோடதுன்னு கேளுங்க. லோகோ, ஃபான்ட், டெம்ப்ளேட் எல்லாம் நான் கொடுக்கிறது, யாரும் மாத்தப் போறதில்லை. அது உள்ள இருக்கட்டும். விலைப்பட்டியலும் பில் நம்பரும் கடைக்காரரோடது. வெங்காய விலையை அவர் தினமும் மாத்துவார். அது வெளியிலதான் இருக்கணும்.

[திரையில்: இஃப் கெட்ஆட்டர்(சிஸ், 'ஃப்ரோசன்', ஃபால்ஸ்): வெளி = பாத்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்).பேரண்ட்]
[திரையில்: எல்ஸ்: வெளி = பேஸ்]

இஎக்ஸ்இ ஆன பிறகு ‘சிஸ்.எக்ஸிகியூட்டபிள்’ங்கிறது நம்ம இஎக்ஸ்இ இருக்கிற உண்மையான இடம், தற்காலிக ஃபோல்டர் இல்லை. ஆனா சாதாரண ஸ்கிரிப்டா ஓட்டும்போது அதே பேர் பைத்தான் இன்டர்பிரெட்டரைக் காட்டும். அதனாலதான், இஎக்ஸ்இயா ஓடுதா ஸ்கிரிப்டா ஓடுதான்னு பாக்கிற ‘ஃப்ரோசன்’ சோதனை. புரோகிராமை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ல இன்ஸ்டால் பண்ணப் போறீங்கன்னா பக்கத்துல எழுத அனுமதி கிடைக்காது. அப்ப ‘லோக்கல்ஆப்டேட்டா’ ஃபோல்டர்ல உங்க புரோகிராம் பேர்ல ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்க எழுதுங்க.

பொருள் பேரெல்லாம் தமிழ்ல வச்சிருக்கிறவங்களுக்கு இதையும் சொல்லிடறேன். ஓப்பன்ல என்கோடிங் யுடிஎஃப்-8னு வெளிப்படையா எழுதிடுங்க. உங்க கம்ப்யூட்டர்ல பைத்தானுக்கு என்விரான்மென்ட் வேரியபிள் செட் பண்ணி சமாளிச்சிருந்தா, பைஇன்ஸ்டாலர் கட்டின இஎக்ஸ்இ அதைக் கண்டுக்காது.

இனி நம்ம ஃபைல் இல்லாம, லைப்ரரியோட ஃபைல் தொலையற கதை. எரர் ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்’னு வந்தா, கோடு ஓடும்போது பேரை வச்சு இழுக்கிற மாட்யூல் ஏதோ விட்டுப்போயிருக்கு. டிகேகேலண்டர் போட்டு தேதி கட்டம் வச்சவங்க பல பேர் ‘பேபல்.நம்பர்ஸ் இல்லை’ங்கிற எரரைப் பாத்திருப்பாங்க. ‘ஹிடன்-இம்போர்ட்’ ஆப்ஷன்ல அந்தப் பேரைக் கொடுத்தா தீரும். மாட்யூல் வந்து, அதோட உள்ள இருக்கிற ஜேசான், தீம் மாதிரி ஃபைல் வரலைன்னா ‘கலெக்ட்-டேட்டா’, கூட லைப்ரரி பேர். எது விட்டுப்போச்சுன்னு தேட, பில்ட் ஃபோல்டர்ல ‘வார்ன்’னு ஆரம்பிக்கிற ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். அதுல நிறைய பேர் வரிசையா இருக்கும், பாதிக்கு மேல தேவையே இல்லாதது, பயப்படாதீங்க. உங்க எரர்ல வந்த பேரை மட்டும் அதுல தேடுங்க.

பில்ட் ஃபோல்டர்னதும் ஞாபகம் வருது. அதுக்குள்ளயும் ஒரு இஎக்ஸ்இ இருக்கும். அதை ஓட்டாதீங்க, அது பாதி வேலை. ‘பைத்தான் டிஎல்எல் லோட் ஆகலை’ன்னு வரும். ஓட்ட வேண்டியது டிஸ்ட்ல இருக்கிறது. ஒன்டிர் பில்ட்ல இஎக்ஸ்இயை மட்டும் தனியா டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணினாலும் அதே எரர்தான். ஃபோல்டர் முழுசா போகணும், டெஸ்க்டாப்ல ஷார்ட்கட் போதும்.

ஆப்ஷன்கள் நீளமா ஆயிடுச்சுன்னா ஸ்பெக் ஃபைல்ல, அதாவது பில்ட் பண்ணும்போது பைஇன்ஸ்டாலர் எழுதி வைக்கிற குறிப்பு ஃபைல்ல, எழுதி வச்சுக்கலாம். ‘டேட்டாஸ்’ங்கிற லிஸ்ட்ல சேர்த்துட்டு, அடுத்த தடவை பைஇன்ஸ்டாலருக்கு ஸ்பெக் ஃபைல் பேரையே கொடுங்க. மறந்துபோய் மறுபடி ஸ்கிரிப்ட் பேரைக் கொடுத்தீங்கன்னா புது ஸ்பெக் எழுதி, நீங்க சேர்த்ததையெல்லாம் அழிச்சுடும்.

யாருக்கும் கொடுக்கறதுக்கு முன்னாடி இப்ப நான் பண்றது இது.

[திரையில்: டிஸ்டில் உள்ள ‘பில்’ ஃபோல்டர் டி டிரைவுக்கு நகர்கிறது. புராஜெக்ட் ஃபோல்டரின் பெயர் மாற்றப்படுகிறது.]

பில்டை வேற டிரைவுக்கு நகர்த்திட்டு, புராஜெக்ட் ஃபோல்டரோட பேரை மாத்திடறேன். கோடுல எங்கேயாவது முழு பாத் ஒளிஞ்சிருந்தா இப்பவே விழும். அப்புறம் சி டிரைவ்ல நின்னுக்கிட்டு, டி டிரைவ்ல இருக்கிற இஎக்ஸ்இயை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடறேன். வொர்க்கிங் டைரக்டரியை நம்பின வரி ஏதாவது மிச்சம் இருந்தா அதுவும் விழும். விண்டோஸ் புரோ வச்சிருக்கிறவங்க ‘விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்’ஸை ஆன் பண்ணி, அதுக்குள்ள ஃபோல்டரை காப்பி பண்ணி ஓட்டலாம். அங்க பைத்தானே இருக்காது, கடைக்காரர் கம்ப்யூட்டர் மாதிரியேதான். ஓட்டி ஒரு பில் போட்டுட்டு, மூடிட்டு, ரெண்டாவது தடவை திறந்து பாருங்க. பில் நம்பர் 1 வந்தா வேலை பாக்கி இருக்கு. 2 வந்தா கொண்டுபோய்க் கொடுக்கலாம்.