செத்த காலேஜிலிருந்து ஃபீனிக்ஸ் வரை

(சென்னையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

எழும்பூர் மியூசியத்தை என் பாட்டி கடைசி வரை ‘செத்த காலேஜ்’ என்றுதான் சொன்னார். உயிருள்ள மிருகங்களை வைத்திருந்த மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. பாடம் செய்த மிருகங்களும் திமிங்கல எலும்புக்கூடும் இருந்த இடம் செத்த காலேஜ். பழைய மெட்ராஸ்காரர்கள் இங்கே சிலர் தலையாட்டுவது தெரிகிறது. சென்ற ஆண்டு மகள் வீட்டில் தங்க அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குப் போயிருந்தேன். ஃபீனிக்ஸ் நகரத்து மியூசியங்களைச் சுற்றிவந்த நாட்களில் பாட்டியின் அந்தச் சொல் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் வெயில். நம் கத்திரி வெயில் மூன்றரை வாரம். அங்கே 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரியைத் தொட்டது, தாண்டியது. நமக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் அவர்களுக்கு 200-ஐ எட்டுவதே கடினம். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் உடம்பு வறள்வது தெரியாது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. திறந்தவெளி இடங்களைப் பார்க்க நவம்பரிலிருந்து மார்ச் வரை போங்கள். கோடையில்தான் போக முடியும் என்றால் காலையில் ஒரு மியூசியத்துக்குள் நுழைந்து, வெயில் சாயும்வரை அங்கேயே இருங்கள். ஒரே நாளில் இரண்டு இடம் என்று நான் ஒருமுறை திட்டம் போட்டேன். இரண்டாவது இடத்தில் பார்த்தது எதுவும் மனதில் நிற்கவில்லை.

அப்புறம், முதலில் எங்கே போவது? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரிய கலைக்கூடங்களுக்கு முன்னால் விமான நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் ‘செடவ் வாஅகி’ அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கும். கீழே நீங்கள் நிற்பது பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஊர். மண்ணாலும் கல்லாலும் கட்டிய ஒரு பெரிய மேடை, பந்து விளையாடிய களம், பக்கத்தில் பழைய வாய்க்கால்களின் தடம். ஆய்வாளர்கள் ஹோஹோகம் என்று பெயரிட்ட மக்கள் ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்திருக்கிறார்கள். இரும்பு இல்லை, ஏர் பூட்ட மாடு இல்லை. கல் கருவியாலும் கூர் சீவிய மரக்கம்பாலும் தோண்டி, மண்ணைக் கூடையில் சுமந்திருக்கிறார்கள். நிலத்தின் மெல்லிய சரிவை மட்டும் நம்பித் தண்ணீரை நடத்தியிருக்கிறார்கள். ஏரியும் கலங்கலும் மதகும் பார்த்து வளர்ந்த நம் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய வித்தை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் அந்தத் தடத்தின் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன்.

பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் அந்த ஊர்கள் கலைந்தன. 1860-களின் கடைசியில் வெள்ளைக் குடியேறிகள் வந்து, தூர்ந்து கிடந்த அதே வாய்க்கால்களை வெட்டித் திறந்து விவசாயம் தொடங்கினார்கள். ஃபீனிக்ஸ் என்பது எரிந்த சாம்பலிலிருந்து மறுபடி எழும் கதைப் பறவை. பழைய நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழுந்த ஊர் என்பதால்தான் அந்தப் பெயர். இன்றும் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்களில் சில பழைய தடத்தையே ஒட்டி ஓடுகின்றன.

அந்த அருங்காட்சியகத்துக்கு நெடுங்காலம் ‘புவெப்லோ கிராண்டே’ என்ற ஸ்பானியப் பெயர் இருந்தது. அந்த மண்ணைத் தங்கள் முன்னோர் ஊர் என்று சொல்லும் ஓஓதம் பழங்குடி மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 2023-இல் அவர்கள் மொழியிலேயே பெயரை மாற்றினார்கள். பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தவுடன் இது செத்தவர்களின் இடம் இல்லை, பேரன் பேத்திகள் இருக்கிற இடம் என்று புரிந்துவிடுகிறது.

நகரத்தின் நடுவே சென்ட்ரல் அவென்யூவில் ஹேர்ட் மியூசியம் இருக்கிறது. 1929-இல் திறந்தது, பழங்குடி மக்களின் கலைக்கென்றே உள்ள இடம். ஹோப்பி மக்களின் கட்சினா பொம்மைகள் அங்கே நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. பருத்திமர வகை ஒன்றின் வேரில் செதுக்கியவை. தெய்வ உருக்களைப் பிள்ளைகள் கண்டு பழக, சிறுமிகளுக்குப் பரிசாகக் கொடுப்பார்களாம். அம்மா வீட்டிலிருந்து கொலுப் பொம்மை கொண்டுவந்த எனக்கு அந்த அலமாரியின் முன்னால் அயல்நாட்டில் நிற்பதுபோலவே தோன்றவில்லை.

அதே கட்டடத்தில் இன்னொரு கூடம். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அரசாங்க உறைவிடப் பள்ளிகளில் அடைத்த வரலாறு அது. ஃபீனிக்ஸ் நகரிலேயே அப்படி ஒரு பள்ளி 1891 முதல் 1990 வரை நடந்தது. முடி வெட்டும் நாற்காலி ஒன்றை வைத்திருக்கிறார்கள். பள்ளியில் சேர்ந்ததும் பிள்ளைகளின் நீண்ட கூந்தலை அறுத்தார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். இதையெல்லாம் அங்கே படித்தவர்களின் சொந்தச் சொற்களிலேயே நாம் அறிகிறோம். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி தன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நகர்ந்து வழிவிட்டேன்.

ஹேர்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஃபீனிக்ஸ் கலை அருங்காட்சியகம். ஜப்பானியக் கலைஞர் யயோய் குசாமா அமைத்த இருட்டறைக்கு மட்டுமாவது போய்வாருங்கள். சுற்றிலும் கண்ணாடி, மேலிருந்து தொங்கும் சின்னச் சின்ன விளக்குகள். மழை விட்ட இரவில் வயல்மேல் மின்மினி பறப்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருந்தால், அந்த நினைவு ஒரு நொடியில் திரும்பி வரும். பாலைவனக் கல்லையே சுவராக்கி கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் தன் குளிர்கால வீடாகக் கட்டிய டாலியஸின் வெஸ்ட், ஸ்காட்ஸ்டேல் பக்கம் போகிறவர்கள் விட்டுவிடக் கூடாத இடம்.

சரி, இசைக்கருவி அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். நகரின் வடகோடியில் 2010-இல் திறந்தது. கார் இல்லாமல் போவது சிரமம். சுமார் 200 நாடுகளின் கருவிகள் இருக்கின்றன. வாசலில் ஹெட்ஃபோன் தருகிறார்கள். ஒரு கருவிக்கு அருகே போனால் அதன் ஓசை தானாகக் காதில் கேட்கிறது. திரையில் அந்த ஊர்க்காரரே வாசிக்கிறார். அடுத்த நாட்டுக்கு நகர்ந்தால் இது அடங்கி அது தொடங்குகிறது. கடைசியில் ஒரு கூடத்தில் பிள்ளைகள் கருவிகளைத் தொட்டு, தட்டி, மீட்டிப் பார்க்கலாம். பெரிய காங் மணியை ஒரு பையன் அடிக்க, கூடமே அதிர்ந்தது. ஒருவரும் அவனை அதட்டவில்லை.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ‘நாகஸ்வரம், மரம்’ என்று அட்டை எழுதினால் என்ன தெரியும்? கடைகிறவரின் குரலும் ஒரு தோடி ஆலாபனையும் கேட்டால்தானே அது நாகஸ்வரம்.

என் ஆதங்கம் இதுதான். 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பது சாதாரணச் செல்வமா? திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் அங்கே நிற்கிறார். அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. பழங்கால ஈமக்காடான ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை இருக்கின்றன. அவருக்கு முன்னால் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. இவையாவது நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் பெயர், ஊர், நூற்றாண்டு, உலோகம் என்பதோடு அட்டை நின்றுவிடுகிறது. மெழுகில் உரு பிடித்து, மண் பூசி, உலோகம் வார்க்கும் ஸ்தபதிகள் சுவாமிமலையில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த அர்த்தநாரீஸ்வரர் சிலையின் முன் நின்று, இடுப்பின் ஒரு பக்கம் ஏன் அப்படி வளைகிறது என்று சொல்ல நான் கேட்க வேண்டும். என் பேரன் கேட்க வேண்டும்.

அரசாங்கத்துக்கு மனு எழுதலாம், எழுதுவோம். அதுவரை காத்திருக்க எனக்கு மனமில்லை. நம் வட்டத்தில் திருவைகுண்டம் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு எண்பது வயது. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேட்டில் சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். மண்ணுக்குள்ளிருந்து முதுமக்கள் தாழியின் விளிம்பு எட்டிப் பார்ப்பதைக் கண்டவர். இப்போது மகன் வீட்டில், வளசரவாக்கத்தில் இருக்கிறார். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு பாந்தியன் சாலை வாசலில் கூடுகிறோம். அன்று ஆதிச்சநல்லூர்ப் பொருட்களை மட்டும் பார்ப்போம். அம்மாவுக்கு உட்கார ஒரு மடக்கு நாற்காலி வேண்டும். வீட்டில் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.