விமானம் வராத ஒரு பகல்

வணக்கம் நேயர்களே.

நான் திருச்சிக்காரன். சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் இலங்கை வானொலி சொல்லும் நேரத்துக்குத்தான் ஓடும். அந்தப் பழக்கத்தால் கொழும்பு எனக்கு வெளிநாடு என்றே தோன்றியதில்லை. போன முறை வந்தபோது கையில் பாஸ்போர்ட்டோடு நடுவில் மாட்டிக்கொண்டதும்தான் தோன்றியது.

உறவில் ஒரு கல்யாணம் முடிந்து சென்னை திரும்ப வேண்டும். காலை ஏழு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறேன். விமானம் ரத்து, இனி நாளை மதியம்தான் என்றார்கள். எனக்கு முன்னால் நின்றவர் கத்தினார், பின்னால் நின்றவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். நான் கொஞ்சம் கத்திவிட்டு, அப்புறம் மூன்று காரியம் செய்தேன். மறுநாள் டிக்கெட்டைக் கையோடு அச்சடித்து வாங்கினேன். தங்க அறை உண்டா என்று கேட்டேன், கேட்டவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். பெட்டி உள்ளே போவதற்குள் பிரஷர் மாத்திரையை வெளியே எடுத்தேன். நல்ல வேளை, குடிவரவில் (இமிக்ரேஷனில்) வெளியேறும் முத்திரை குத்துவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. குத்திய பிறகென்றால் அதை ரத்து செய்துகொண்டு வெளியே வருவது தனி வேலை. விசா நாள் மிச்சமிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

மகளை வழியனுப்ப வந்திருந்த வெள்ளவத்தை ஐயா ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, இஞ்ச இருந்து என்ன செய்யப் போறீங்கள்? 187 பஸ்ஸில ஏறிக் கோட்டைக்குப் போங்கோ. மியூசியத்தில ஒரு தமிழ்க் கல்லு கிடக்கு, போய்ப் பாருங்கோ" என்றார். செட்டியார் தெரு, காலிமுகத்திடல், கொச்சிக்கடைக் கோயில் என்று நான் அதற்குள் மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். ஐயா தலையை ஆட்டினார். "எல்லாம் பாத்தா ஒண்டும் பாக்க மாட்டியள்."

சரி என்று அந்தக் கல்லுக்கே போனேன்.

தேசிய அருங்காட்சியகம் 1877-இல் திறந்த வெள்ளைக் கட்டடம். வாசலில் பெரிய ஆலமரம். உள்ளே ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பலகைக் கல் நிற்கிறது. தலைப்பக்கம் இரண்டு டிராகன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கப்பலில் கொண்டுவந்த கல் அது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. வெட்டிய ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைப் பெருமாளான தெனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைக் கணக்கும் உண்டு. யாரிடமும் மனஸ்தாபம் வேண்டாம் என்று நினைத்திருப்பார் போலும். நல்ல வியாபார புத்தி.

எழுத்து தேய்ந்திருக்கிறது. வெகுநேரம் முறைத்துப் பார்த்த பிறகுதான் ஒன்றிரண்டு எழுத்து பிடிபட்டது. சீன தேசத்தில் உட்கார்ந்து ஒரு சிற்பி தமிழ் எழுத்தை வெட்டியிருக்கிறான். சுழி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ! 1911-இல் தெற்கே காலி நகரில் இதைக் கண்டெடுத்தபோது ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்ததாம். எழுத்தெல்லாம் கீழ்ப்பக்கம். அத்தனை காலமும் வண்டியும் ஆளும் அதன் முதுகில் போயிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பாய்மரக்காரர்கள் பருவக்காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடப்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் என் ஒரு நாளைப் பற்றிப் பேச எனக்கே வெட்கமாக இருந்தது.

மாலையில் கொள்ளுப்பிட்டியில் ரயில் ஏறினேன். தெற்கே போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள். தண்டவாளத்தை ஒட்டியே கடல், பெரிய அலை அடித்தால் சாரல் முகத்தில் படும். வெள்ளவத்தையில் இறங்கி இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சம்பல். கடைப் பையனிடம் "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துப்பா" என்றேன். "அண்ணன் இந்தியாவோ?" என்று கேட்டுவிட்டுச் சொதியை விட்டான்.

இரவு அறைக்குத் திரும்பி வீட்டுக்குப் போன் போட்டேன். கல்லைப் பற்றிக் கால்மணி நேரம் சொல்லியிருப்பேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

போடவில்லை. சட்டைப் பையிலேயே இருந்தது.