நடுவில் வைக்கும் மண்

(ஊர் விளையாட்டுக் கழகமும் கூத்துக் குழுவும் சேர்ந்து கூட்டிய கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரே, கழகத்துத் தம்பிமாரே, வணக்கம்.

மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலில், வலந்தலையில், கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, கரணை, அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? வெறும் தோலைத் தட்டினால் பல ஒலிகள் சேர்ந்து எழும்; அதிர்வு எண்ணிக்கையில் இரண்டாவது ஒலி முதல் ஒலியின் 1.59 மடங்கில் நிற்கும். முழு எண்ணாக வராது. சத்தம் கேட்கும், சுருதி பிடிபடாது. சோறும் கல்லுப்பொடியும் பிசைந்து படைபடையாகத் தேய்த்த கரணை தோலின் நடுவைக் கனமாக்கி, மேல் ஒலிகளை 2, 3, 4 மடங்கு என்று வரிசைக்குக் கொண்டுவருகிறது. 1920இல் சி.வி. ராமன் இதை ஆராய்ந்து எழுதினார். மிருதங்கம் கட்டியவர்களின் கைக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

இனி எங்கட திடலுக்கு வாருங்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கிடக்கும் எங்கட எழுவான்கரை மணல் நிலம். மாரி கொட்டினாலும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். உதைபந்துக்கு அது வரம். கிரிக்கெட் பந்தோ குத்திய இடத்திலேயே செத்துப்போகும். அதற்கு நடுவில் 22 யார், அதாவது 66 அடி நீளத்துக்குக் களிமண் வேண்டும். களி கிடப்பது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல் நிலத்தில். ஆக, திடலுக்கும் நடுவில் ஒரு கரணை வைக்க வேண்டியிருக்கிறது!

கொட்டினால் மட்டும் போதாது. ஈரம் கூடினால் களி உருளையில் அப்பிக்கொண்டு வரும், காய்ந்துவிட்டால் இறுகாது. பதம் பார்த்து உருட்ட ஒரு ஆள் வேண்டும். கூத்துக்கு அடிக்கும் மத்தளமும் அப்படித்தான். மாரி இரவில் தோல் ஈரம் குடித்துத் தளரும். கூத்து தொடங்குமுன் அண்ணாவியார் வாரை இறுக்கி, தட்டி, காது கொடுத்துப் பார்ப்பார். அது பிழைத்தால் களரியில் ஆடுகிறவரின் கால் தடுமாறும்.

நான் பொடியனாக இருந்தபோது திடலில் ஒரு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். முந்தின நாள் மழை. லொறி நேரே நடுக்களியில் ஏறிப் போனது. தடம் அப்படியே காய்ந்து கல்லாகிவிட்டது. பந்து எங்கே எழும் என்று தெரியாமல் ஆடினோம். ஒரு தம்பியின் நாடி எலும்பு உடைந்தது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

கழகத்திடம் கேட்கிறேன்: இந்த வருடம் பரிசுக் கிண்ணங்களைக் குறையுங்கள். உழவு மெசினில் இரண்டு மூன்று பெட்டி களிமண், ஒரு உருளை, திடலைப் பார்க்கிற ஆளுக்குச் சம்பளம், மத்தளத்துக்குப் புதுத்தோல். காரைதீவில் பிறந்த தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழைப் பழம்பாட்டுகளில் தேடி, கணக்குப் போட்டு மீட்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். எங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்: மத்தளத்துக்குத் தோல் போடத் தெரிந்த ஒருவர் எங்கட ஊரில் இன்னும் இருக்கிறார். தம்பிமாரில் இரண்டு பேராவது பங்குனிக்குள் அவரிடம் போய் உட்காருங்கள்.